கோர்செராவை வழிநடத்தியவர்கள்: கணினிக் கல்வி நிறுவனம் ஒன்றின் தலைமையும் பின்னணியும்

இணையத்தில் ஒரு கணினிப் பாடத்தில் சேருமுன் நாம் வழக்கமாகக் கேட்பவை மூன்று. கட்டணம் எவ்வளவு? சான்றிதழ் உண்டா? எத்தனை வாரம்? இந்நிறுவனத்தை நடத்துபவர் யார், இங்கு வருமுன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்போர் மிகச் சிலரே. மருத்துவரின் படிப்பை விசாரிக்கிறோம். துணைப்பாட ஆசிரியரின் அனுபவத்தை விசாரிக்கிறோம். நம் கல்வியின் ஒரு பகுதியை ஒப்படைக்கும் நிறுவனத்தைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்கொண்ட நிறுவனம் கோர்செரா. 2012ஆம் ஆண்டில் தொடங்கி 2025க்குள் அதன் தலைமை நான்கு முறை வெவ்வேறு பின்னணியினரிடம் இருந்துள்ளது. முதலில் கணினி அறிவியல் பேராசிரியர் இருவர். அடுத்து ஒரு பல்கலைக்கழகத் தலைவர். அதன்பின் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு ஆலோசனை கூறும் நிறுவனத்தை நடத்தியவர். இறுதியாக அமேசான் நிறுவனத்திலிருந்து வந்தவர். ஒவ்வொருவர் காலத்திலும் மாணவர் திரையில் கண்டது மாறியது. மாற்றம் அனைத்திற்கும் தலைவரின் பின்னணியே காரணம் என்று நான் வாதிடவில்லை. முதலீட்டாளர்களின் நெருக்குதலும் போட்டியும் இருந்தன. ஆயினும் தலைவர் எந்த அறையில் உட்கார்ந்து தொழில் பழகினாரோ, அந்த அறையின் பழக்கம் நிறுவனத்திற்கும் வந்துவிடுகிறது என்பதே நான் கண்டது.

சிங்கப்பூரில் படித்த மாணவர்

கோர்செராவின் இணை நிறுவனர் ஆண்ட்ரூ இங் 1976இல் லண்டனில் பிறந்தவர். ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்தவர். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் மாணவர். தந்தை மருத்துவர். பதின்ம வயதில் சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலைப் பயிற்சிக்குச் சென்றபோது நகலெடுக்கும் வேலையே பெரும்பாலும் கிடைத்ததென்றும், இதை ஓர் இயந்திரம் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அப்போது எண்ணியதாகவும் அவர் பல பேட்டிகளில் கூறியிருக்கிறார். விடுமுறைக் காலத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. நாம் அலுத்துக்கொண்டதோடு சரி.

பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, எம்ஐடியில் முதுகலை, பெர்க்கிலியில் முனைவர் பட்டம் எனப் படித்து, 2002இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அவர் அங்கு நடத்திய இயந்திரக் கற்றல் வகுப்பில் ஒரு முறைக்கு ஏறத்தாழ 400 மாணவர்கள். 2011ஆம் ஆண்டு இலையுதிர்ப் பருவத்தில் அதே பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது 100,000 பேருக்குமேல் பதிவு செய்தனர். 400 பேர் கொண்ட வகுப்பை ஆண்டுக்கு ஒருமுறை நடத்தி அந்த எண்ணிக்கையை எட்ட 250 ஆண்டுகள் வேண்டும்!

மற்றொரு நிறுவனர் டாஃப்னி கோலர். 1968இல் ஜெருசலத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும் அடுத்த ஆண்டே முதுகலையும் பெற்றவர். ஸ்டான்ஃபர்ட்டில் 1993இல் முனைவர் பட்டம். 1995 முதல் அங்கேயே ஆசிரியப்பணி. நிகழ்தகவு வரைபட மாதிரிகள் என்ற கடினமான துறையில் பெயர் பெற்றவர். 2004இல் மெக்ஆர்தர் விருதைப் பெற்றார். ஆராய்ச்சியில் இவ்வளவு உயரத்திற்குச் சென்றவர் வகுப்பறையைப் பற்றியும் கவலைப்பட்டார் என்பதே நமக்கு முக்கியம். ஒரே விரிவுரையை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நிகழ்த்துவதில் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு, விரிவுரையைப் பதிவு செய்து மாணவரிடம் முன்னதாகக் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தைக் கலந்துரையாடலுக்குப் பயன்படுத்தும் முறையை ஸ்டான்ஃபர்ட்டிலேயே முயன்று பார்த்தவர் அவர்.

ஒரே தவறைச் செய்த 2,000 பேர்

இவ்விருவரும் ஆசிரியர்கள் என்பது கோர்செராவின் தொடக்க வடிவத்தில் நன்றாகவே தெரிந்தது. காணொளியைச் சிறு துண்டுகளாக வெட்டினார்கள். நடுநடுவே காணொளி நின்று கேள்வி கேட்கும். பதில் சொன்ன பிறகே நகரும். விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். பாதிப் பேர் குறிப்பெழுதிக் கொண்டிருப்பர், சிலர் கைப்பேசியில் மூழ்கியிருப்பர், முன்வரிசையில் ஒருவர் பதிலைச் சொல்லிவிடுவார், ஆசிரியர் மகிழ்ச்சியுடன் அடுத்த பக்கத்திற்குப் போய்விடுவார். இதை மண்டபத்தின் மேடையில் நின்று பார்த்தவர்தான் அப்படியொரு நிறுத்தத்தைக் காணொளிக்குள் வைக்க எண்ணுவார்.

2012ஆம் ஆண்டில் கோலர் ஆற்றிய டெட் உரையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இங் நடத்திய வகுப்பில் ஒரு பயிற்சிக்கு 2,000 மாணவர்கள் ஒரே தவறான விடையை அனுப்பியிருந்தனர். நூறு பேர் வகுப்பில் இரண்டு பேர் அத்தவறைச் செய்திருந்தால் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. இரண்டாயிரம் பேர் செய்ததால் இங்கும் அவருடைய மாணவர்களும் உட்கார்ந்து, அத்தவறு எந்த இடத்தில் எந்தத் தவறான புரிதலால் பிறக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்தனர். அதன்பின் அதே விடையை அனுப்புவோருக்கு, வெறுமனே ‘தவறு’ என்று காட்டாமல், எங்கே வழி தவறினார்கள் என்று சொல்லும் செய்தி தோன்றும்படி செய்தனர்.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒரு வணிகர் கண்ணுக்கு அந்த 2,000 பேர் ஒரு பாடத்தில் தோல்வியுற்றோர் எண்ணிக்கை. பொறியாளர் கண்ணுக்கு அது ஒரு பிழை அறிக்கையாக இருக்கலாம். ஆசிரியர் கண்ணுக்கோ அது வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தியது போன்றது. தனியொருவருக்குத் தனி ஆசிரியர் கிடைத்தால் கற்றல் எவ்வளவு உயரும் என்று கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட ஆய்வைக் கோலர் அதே உரையில் எடுத்துக்காட்டினார். எல்லாருக்கும் தனி ஆசிரியர் தர இயலாது; கணினியைக் கொண்டு அதற்கு எவ்வளவு அருகே செல்லலாம் என்பதே அவர்கள் முன்வைத்த கேள்வி.

குறைகளும் இருந்தன. இலவசமாகச் சேர்ந்தோரில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுவர். அதே 2011இல் ஸ்டான்ஃபர்ட்டின் செபாஸ்டியன் த்ரூனும் கூகல் நிறுவனத்தின் பீட்டர் நோர்விக்கும் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஏறத்தாழ 160,000 பேர் சேர்ந்தனர். முடித்தவர் ஏறத்தாழ 23,000. மேலும், பேராசிரியர்களுக்கு வருமான வழி தெரியவில்லை என்று சொல்வதும் முழு உண்மையாகாது. 2012 ஏப்ரலில் 16 மில்லியன் டாலர் முதலீட்டுடன் நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு வெளிப்பட்ட நிறுவனம் அது. அடையாளம் சரிபார்த்துத் தரும் கட்டணச் சான்றிதழை 2013இலேயே அவர்கள் கொண்டுவந்துவிட்டனர். பல பாடங்களைக் கோத்து ஒரு தொகுப்பாக விற்கும் முறையும் 2014 சனவரியில், அவர்கள் காலத்திலேயே வந்தது. ஆனாலும் பயிற்சியைச் செய்து, அனுப்பி, திருத்தம் பெறுவது எவருக்கும் திறந்தே இருந்தது.

யேலிலிருந்து வந்தவர்

2014இல் தலைமை மாறியது. இங் பைடு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குச் சென்றார். ஆனால் கோர்செரா இயக்குநர் வாரியத்தின் தலைவராக நீடித்தார். தலைமை நிர்வாக அதிகாரியாக வந்தவர் ரிச்சர்ட் லெவின். 1993 முதல் 2013 வரை இருபது ஆண்டுகள் யேல் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த பொருளியலாளர்.

இந்தப் பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து யேல்-என்யுஎஸ் கல்லூரியை 2011இல் அமைத்தபோது யேலின் தலைவர் அவர்தான். அக்கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதனை மூடும் முடிவு 2021இல் அறிவிக்கப்பட்டு, 2025இல் அது விடைபெற்றது. லெவினுக்கு இணையக் கல்வியும் புதிதன்று. ஸ்டான்ஃபர்ட், ஆக்ஸ்ஃபர்ட் ஆகியவற்றோடு யேல் சேர்ந்து நடத்திய ஆல்லேர்ன் என்ற இணையக் கல்வி முயற்சி 2006இல் மூடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு யேல் தன் விரிவுரைகளை இலவசமாக இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. ஒருமுறை தோற்றுப் பார்த்தவர் என்பது அவருடைய தகுதிகளுள் ஒன்றாகவே எனக்குப் படுகிறது. தலைவர்களின் அறிமுகப் பக்கங்களில் இத்தகைய தகுதிகளை யாரும் எழுதுவதில்லை.

பல்கலைக்கழகத் தலைவர் ஒருவர் அன்றாடம் என்ன செய்கிறார்? பாடம் நடத்துவதில்லை. பிற பல்கலைக்கழகங்களோடு பேசுகிறார், நிதி திரட்டுகிறார், பட்டங்களின் மதிப்பைக் காக்கிறார். லெவின் காலத்தில் கோர்செராவும் அதைத்தான் செய்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் முழு வணிக நிர்வாக முதுகலைப் பட்டம் 2015இல் அறிவிக்கப்பட்டது. தரவு அறிவியலில் அதே பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் முதுகலைப் பட்டம் 2016இல் வந்தது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காகச் சந்தா செலுத்தும் பிரிவும் அதே ஆண்டில் தொடங்கியது.

கணினி மாணவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பது 2016இன் வேறு இரு மாற்றங்களை. முதலாவது, பல பாடங்களில் மதிப்பெண் தரும் பயிற்சிகளைச் சமர்ப்பிக்கக் கட்டணம் கேட்கப்பட்டது. வசதியில்லாதோர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர் காணொளியைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, நிறுவனத்தின் பழைய தளம் சூன் 30ஆம் தேதி மூடப்பட்டு, புதிய தளத்திற்கு மாற்றப்படாத பாடங்கள் பல அதனுடன் மறைந்தன.

நிரல் எழுதக் கற்பவருக்குக் காணொளி என்பது நீச்சல் பற்றிய விரிவுரை போன்றது. பயிற்சிதான் தண்ணீர். இரண்டாயிரம் பேரின் தவறைக் கண்டுபிடிக்க உதவியது காணொளியன்று, அவர்கள் தயங்காமல் அனுப்பிய தவறான விடைகள்தாம். அந்த வாயிலில் கட்டணம் வைத்தது பொருளியல் கணக்குப்படி சரியாக இருக்கலாம். மக்கள் எதற்குப் பணம் கொடுப்பார்களோ அதற்குத்தான் விலை வைக்க முடியும். கற்பிப்பவர் கணக்குப்படி அது கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம். கோலர் அந்த ஆண்டு ஆகஸ்டில் நிறுவனத்தைவிட்டு விலகி, மூப்பு பற்றி ஆராயும் காலிகோ நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் கூறவரவில்லை. ஆனால் அதன்பின் அலுவலகத்தில் அன்றாட முடிவெடுக்கும் இடத்தில் நிறுவனர் எவரும் இல்லை.

சேமிப்பு நிதி கற்றுத்தந்த வழி

2017இல் வந்த ஜெஃப் மாஜியோன்கால்டா, ஸ்டான்ஃபர்ட்டில் பொருளியலும் ஆங்கிலமும் படித்து, பின்பு வணிக நிர்வாகம் பயின்றவர். நோபெல் பரிசு பெற்ற பொருளியலாளர் வில்லியம் ஷார்ப் இணைந்து தொடங்கிய ஃபைனான்ஷியல் எஞ்ஜின்ஸ் என்ற நிறுவனத்தை 1996 முதல் 2014 வரை நடத்தியவர். அமெரிக்க ஊழியர்கள் முதலாளி வழியாகச் சேர்க்கும் ஓய்வுக்கால நிதியை எப்படி முதலீடு செய்யலாம் என்று கணினி வழியாக ஆலோசனை கூறும் நிறுவனம் அது. நம் மத்திய சேம நிதியிலிருந்து அமைப்பில் வேறுபட்டாலும் நோக்கம் அதே முதுமைக்காலம்தான்.

அந்நிறுவனம் ஊழியர் ஒவ்வொருவரின் கதவையும் தட்டவில்லை, முதலாளிகளிடம் சென்றது. ஒரு பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அதன் ஊழியர் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் பயனாளராவர். கோர்செராவிலும் அவர் காலத்தில் அந்த வழி அகலமாயிற்று. தனி மாணவரோடு நிறுவனங்களும், அரசாங்கங்களும், 2019 முதல் பல்கலைக்கழகங்களும் வாடிக்கையாளராயின. 2018 சனவரியில் கூகல் நிறுவனம் தகவல் தொழில்நுட்ப உதவிப்பணிக்கான சான்றிதழ்ப் பாடத்தை வெளியிட்டது. அதைக் கற்பித்தோர் கூகல் ஊழியர்கள். சேர்வதற்குப் பட்டம் தேவையில்லை. பேராசிரியர் நின்ற இடத்தில் தொழில் செய்பவர் வந்து நின்றார். லண்டன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் இளங்கலைப் பட்டமும் 2019இல் அத்தளத்தில் தொடங்கியது. சிங்கப்பூர் மேலாண்மைக் கழகம் வழியாக லண்டன் பட்டம் பெற்ற மூத்தோரை அறிந்த நமக்கு, அதே பட்டம் திரை வழியே வருவதன் பொருள் எளிதில் விளங்கும்.

இவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது கோர்செரா தன் பாடங்களை அவற்றுக்குப் பல மாதங்கள் இலவசமாகத் திறந்துவிட்டது. அவ்வாண்டு முடிவில் பதிவு செய்தோர் எண்ணிக்கை 70 மில்லியனைத் தாண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களோடு நேராகப் பேசும் வழி முன்பே அமைந்திருந்ததால்தான் அவ்வளவு விரைவில் அது இயன்றது. 2021 பிப்ரவரியில் பொதுநலனையும் கருத்தில்கொள்ளும் கடமையுடைய நிறுவனமாகச் சட்டப்படி அது தன்னை மாற்றிக்கொண்டது; மார்ச் இறுதியில் நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 33 டாலர் விலையில் நுழைந்தது. ஆசிரியர் இருவர் மட்டும் இருந்திருந்தால் அந்நிறுவனம் அதுவரை பிழைத்திருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வியே.

ஒப்பிட இன்னும் இருவர்

பின்னணிக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு கோர்செராவுக்கு மட்டும் உரியதா என்று பார்க்க, அதன் போட்டியாளர் இருவரைச் சுருக்கமாகக் காணலாம்.

யுடாசிட்டியைத் தொடங்கிய செபாஸ்டியன் த்ரூன் இயந்திர மனிதத் துறையினர். அவருடைய ஸ்டான்ஃபர்ட் குழுவின் ஓட்டுநரில்லா வாகனம் 2005இல் அமெரிக்கத் தற்காப்புத் துறை பாலைவனத்தில் நடத்திய போட்டியில் 2 மில்லியன் டாலர் பரிசை வென்றது. அத்தகையவர் விடாது சோதிப்பார். தோல்வியை மறைக்கவும் மாட்டார். 2013இல் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத்துடன் 150 டாலர் கட்டணத்தில் அடிப்படைக் கணிதமும் புள்ளியியலும் கற்பித்துப் பார்த்தார். தேர்ச்சி விகிதம் மிகக் குறைவு. திட்டம் அவ்வாண்டின் நடுவிலேயே நிறுத்தப்பட்டது. தம் நிறுவனம் தந்த பாடத்தின் தரம் மோசம் என்று அவரே பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். பின்னர் அந்நிறுவனம் வேலைக்கான குறும்பட்டங்களின் பக்கம் திரும்பியது. ஓட்டுநரில்லா வாகனப் பொறியியலும் அவற்றுள் ஒன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! 2024இல் அக்சென்சர் நிறுவனம் யுடாசிட்டியை வாங்கிக்கொண்டது.

யுடெமியின் நிறுவனர்களுள் ஒருவரான எரென் பாலி, தென்கிழக்குத் துருக்கியின் சிற்றூர் ஒன்றில் ஒரே அறை கொண்ட பள்ளியில் படித்தவர். வீட்டுக்கு வந்த கணினியும் இணையமும் அவருக்குக் கணிதம் கற்றுத்தந்தன. அவர் பேராசிரியராக இருந்தவரல்லர். ஆசிரியர் கிடைக்காமல் தாமே தேடிக் கற்ற மாணவர். 2010இல் தோன்றிய அவருடைய தளத்தில் யார் வேண்டுமானாலும் கற்பிக்கலாம். பட்டமோ பல்கலைக்கழகமோ கேட்கப்படவில்லை. அதனால் அங்கு அருமையான நிரலாக்கப் பாடங்களும் உண்டு, பதர்களும் உண்டு. கற்பவரே புடைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். பாலி செய்ததும் அதைத்தானே. கோர்செராவும் யுடெமியும் ஒன்றாக இணையவிருப்பதாக 2025 டிசம்பரில் அறிவித்தன.

நான்காமவரும் முதலாமவரும்

2025 பிப்ரவரியில் கோர்செராவின் தலைமைக்கு வந்த கிரெக் ஹார்ட், அமேசானில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியவர். பேச்சுக்குப் பதில் சொல்லும் அலெக்சாவை உருவாக்கிய குழுவைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர், பிறகு அமேசானின் காணொளிச் சேவைக்கும் பொறுப்பேற்றவர். பேசும் இயந்திரத்தையும் காணொளியையும் அறிந்தவர் கையில் கல்வி நிறுவனம் வந்திருக்கிறது. காணொளியை நிறுத்திக் கேள்வி கேட்ட ஆசிரியரின் வேலையை இனி உரையாடும் மென்பொருள் ஏற்குமா என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே எழுத முடியும். அப்போது நான் முதலில் தேடப்போவது, 2,000 பேர் ஒரே தவறைச் செய்தால் அதை உட்கார்ந்து படிக்கும் ஆள் அந்த நிறுவனத்தில் இன்னும் இருக்கிறாரா என்பதைத்தான்.

ஆண்ட்ரூ இங் கற்பிப்பதை விடவில்லை. 2017இல் டீப்லேர்னிங்.ஏஐ என்ற தம் சொந்தக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கி, அதன் பாடங்களைக் கோர்செராவிலேயே வெளியிட்டார். 2011இன் இயந்திரக் கற்றல் பாடத்தில் பயிற்சிகள் ஆக்டேவ் மொழியில் இருந்தன. அம்மொழியைத் தொழில்துறையில் பயன்படுத்துவோர் குறைந்துவிட்டதால், 2022இல் பாடம் முழுவதையும் பைத்தான் மொழியில் புதிதாக அமைத்து, மூன்று பகுதிகளாக மீண்டும் வெளியிட்டார்.